வெட்டி இல்லைங்க... வேலி!

சுவர் கட்ட பட்ஜெட் இல்லையா? புல் நடுங்க. ஆனா, நட்டுட்டு மட்டும் ஓடிப்போயிடாதீங்க!

லேடீஸ் ஹாஸ்டலோட பின்பக்கம் எப்படி இருக்கும்? (பாய்ஸ், நீங்க பதில் சொல்ல வேண்டாம்!) துணி துவைக்கிற கல், நாலு வரிசை கொடிக்கயிறு, உட்கார்ந்து அரட்டை அடிக்க ரெண்டு சிமென்ட் பெஞ்ச். எந்த ஊருக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே செட்டப்தான். அதைத் தாண்டினா ஒரு கம்பி வேலி. கம்பி வேலியையும் தாண்டினா ரோடு, டீக்கடை, சும்மாவே நிக்கிற நாலஞ்சு பைக்!

கம்பி வேலி ஆளைத் தடுக்கும். பார்வையைத் தடுக்காது. மேட்டரே அதுதான்.

இந்தப் பிரச்னைக்கு உடனே கிடைக்கிற தீர்வு என்ன தெரியுமா? "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாரும் பின்பக்கம் போகாதீங்கம்மா!" அதாவது, பார்க்கிறவர் நின்ன இடத்துலயே நிக்கலாம். பெஞ்சுல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணுதான் எழுந்து உள்ளே போகணும். துணியும் ரூமுக்குள்ளேயே ஃபேன் காத்துல காயணும். மழைக்காலத்துல அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் அந்த 'நறுமணம்' புரியும்.

நான் படிக்கிறது ஒரு கடலோர மாவட்டத்து இன்ஜினீயரிங் காலேஜ். எங்க ஹாஸ்டல்லயும் இதே கதைதான். "சுவர் கட்டிக் கொடுங்க"ன்னு கேட்டோம். "எஸ்டிமேட் போட்டாச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்"னாங்க. எங்க சீனியர் அக்காக்கள் அதே பதிலை மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தவங்க. அவங்கதான் 2023 அக்டோபர்ல ஒரு முடிவெடுத்தாங்க. சுவர் வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் புல்லால ஒரு சுவர் கட்டுவோம்!

நான் அப்போ ஃபர்ஸ்ட் இயர். 'புல்லா? முட்டிக்குக்கூட வராதே!'ன்னுதான் நினைச்சேன். இன்னிக்கு அந்தப் புல்லுக்குப் பின்னாடி நான் நின்னா ரோட்டுல இருக்கிறவருக்கு என் தலைகூடத் தெரியாது. எப்படின்னு சொல்றேன், கேளுங்க.

பேருதான் 'வெட்டி'!

நாங்க நட்டது வெட்டிவேர். பாட்டி மண்பானைத் தண்ணியில போட்டு வைப்பாங்களே, அதே ஐட்டம்தான். வெட்டி எடுக்கிற வேர்ங்கிறதால அந்தப் பேரு. மத்தபடி 'வெட்டி ஆபீசர்'ல வர்ற வெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இன்னொரு பெருமையும் இருக்கு. இங்கிலீஷ்காரங்க இதை 'வெட்டிவர்'னு சொல்றாங்களே, அந்த வார்த்தையே நம்ம தமிழ்ல இருந்து போனதுதான்!

நாம கடையில பார்க்கிறது காய்ஞ்ச வேரை மட்டும்தான். அதுக்கு மேல இருக்கிற புல்லை நிறையப் பேர் பார்த்ததே இல்லை. நல்ல வெயில்ல ஓர் ஆள் உயரத்துக்கு, ஒன்றரை மீட்டர் வரைக்கும் இலையே வளரும். பூத்தண்டு வந்தா அதுக்கும் மேல போகும்.

சரி, உயரமான புல்லுக்கா பஞ்சம்? நர்சரியில பாம்பஸ், ஃபவுன்டன் கிராஸ்னு அழகழகா விக்கிறாங்களே? விக்கிறாங்க. ஆனா ஃபவுன்டன் கிராஸ் விதை காத்துல பறந்து கண்ட இடத்துல முளைக்கும். ஹவாய் தீவுகள்ல அது பெரிய தலைவலி. பாம்பஸ் புல்லை கலிஃபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் களைன்னே அறிவிச்சு விரட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம ஆத்தங்கரை நாணலும் அப்படித்தான். விதையாலயும் பரவும், மண்ணுக்கு அடியில தண்டாலயும் பரவும். மூங்கிலும் ஒருவகைப் புல்தான். ஆனா அது மூணாவது மாடியைத் தொட்டுடும். எங்களுக்குத் தேவை கொடிக்கயிறு உயரம்தான்.

தென்னிந்தியாவுல வேருக்காகப் பயிரிடுற வெட்டிவேர் வகை, முளைக்கிற விதை வைக்காது. ஓடித் திரியாது. நட்ட இடத்துலயே தூர் கட்டிப் பருக்கும், அவ்வளவுதான். கர்நாடகாவுல ஊட்டி - மைசூர் ரூட்ல குண்டலுப்பேட்டைன்னு ஒரு ஊர் வருமே... அந்தப் பக்கத்து விவசாயிங்க தலைமுறை தலைமுறையா வயல் எல்லைக்கு இதைத்தான் நட்டு வந்திருக்காங்க. 1980-கள்ல உலக வங்கியில இருந்த ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்டு கிரிம்ஷா ரெண்டு பேரும், மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல் வேலியை இந்தியாவுலயும் மத்த நாடுகள்லயும் பெரிய அளவுல பரப்பினாங்க. தாய்லாந்து மன்னர் பூமிபோலே 1991-ல இதை வளர்க்கச் சொல்லித் தனித் திட்டமே ஆரம்பிச்சார். நம்ம வீட்டுச் சரக்கை உலகமே கொண்டாடுது, நாமதான் பானையோட நிறுத்திட்டோம்!

சிவில் ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு போனஸ் தகவல். இதோட வேருக்குச் சராசரி இழுவிசை வலிமை 75 மெகாபாஸ்கல். மைல்டு ஸ்டீல்ல கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு! நல்ல மண்ணா இருந்தா முதல் வருஷத்துலயே 2 - 3 மீட்டர் ஆழம் நேரா கீழே இறங்கிடும். அதனாலதான் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போற சரிவுலகூட அசையாம நிக்குது.

241-ன்னு எப்படி வந்துச்சு?

எங்க கம்பி வேலி நீளம் 36 மீட்டர். ரெண்டு நாற்றுக்கு நடுவுல 15 சென்டிமீட்டர். வகுத்தா 240. ஆனா வாங்க வேண்டியது 241. ஏன்னு சட்டுனு புரியலைன்னா, அஞ்சு விரல்ல எத்தனை இடைவெளி இருக்குன்னு எண்ணிப் பாருங்க!

மண் அரிப்பைத் தடுக்க ஒரு வரிசை போதும். மறைப்புன்னா ரெண்டு வரிசை வச்சா சீக்கிரம் அடையும். முதல் வரிசையில இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வரிசை, முதல் வரிசையோட இடைவெளிக்கு நேரா ஒவ்வொரு நாற்று. அது ஒரு 240. மொத்தம் 481. அதுக்கு மேல 50 நாற்று எக்ஸ்ட்ரா. அந்த 50 எதுக்குங்கிற சஸ்பென்ஸ் அப்புறம்.

கடலூர் பக்கம் நொச்சிக்காடு மாதிரி கடற்கரைக் கிராமங்கள்ல மணல் நிலத்துல வெட்டிவேர் சாகுபடி நடக்குது. அங்கே வேரை வெட்டி எடுத்ததும் மிச்சமிருக்கிற தலைப்பகுதிதான் அடுத்த நடவுக்கு நாற்று. எங்களுக்கும் ஒரு விவசாயி அண்ணன்கிட்ட இருந்து சாக்கு மூட்டையில வந்து இறங்குச்சு. அவரே ஒரு கண்டிஷனும் போட்டார். "இன்னிக்குப் பிரிச்சா இன்னிக்கே நட்டுடணும் பாப்பா. நாளைக்குப் பார்த்துக்கலாம்னா என்கிட்ட திரும்ப வராதீங்க!"

பிரி, வெட்டு, நடு!

இடம் மாத்தி நடுறதுல ஒரு லாஜிக் இருக்கு. மண்ணுல இருந்து பிடுங்கின செடிக்கு வேர் குறைஞ்சு போச்சு. தண்ணி உறிஞ்ச ஆள் இல்லை. ஆனா மேலே இலை முழுசா இருந்தா வெயில்ல தண்ணி ஆவியாகிக்கிட்டே இருக்கும். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி. மாசக் கடைசியில நம்ம பர்ஸ் காலியாகிற மாதிரி செடியும் காலி! அதனால முதல் வேலை, செலவைக் குறைக்கிறது.

தூரைத் தோண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே இலையை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நறுக்கிடணும். தூரைச் சுத்திக் கடப்பாரையால நெம்பி, மண்ணை உதறணும். அப்புறம் அரிவாளால 2 அல்லது 3 தண்டு உள்ள நாற்றா பிரிக்கணும். ஒத்தைத் தண்டா பிரிச்சா எண்ணிக்கை கூடும்தான், ஆனா பிழைக்கிறது குறையும். வேரை 10 சென்டிமீட்டருக்கு வெட்டணும். "ஐயோ, வேரை வெட்டுறதா?"ன்னு பதற வேண்டாம். நீள வேர் குழிக்குள்ள மடங்கி மேல்நோக்கி நின்னா அழுகிடும். குட்டையா வெட்டினா புது வேர் விடும். காய்ஞ்ச மட்டைகளை உரிச்சு எடுத்துட்டு, வேர்ப்பகுதியைச் சாணிக் கரைசல்ல முக்கி, ஈரச் சாக்கால மூடி நிழல்ல வச்சோம்.

இன்னொரு டீம் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீளமா வாய்க்கால் எடுத்து, மக்கின தொழு உரம் போட்டு, தண்ணி விட்டு வச்சிருந்தாங்க. கயிறு பிடிச்சு, ஸ்கேல் வச்சு, சர்வே லேப்ல கத்துக்கிட்ட வித்தையை எல்லாம் காட்டினோம். நாற்றை வச்சு, கால் கட்டைவிரலால மண்ணை நல்லா அழுத்தணும். லேசா இழுத்துப் பார்த்தா வரக் கூடாது. வந்தா வேரைச் சுத்திக் காத்து இருக்குன்னு அர்த்தம், மறுபடியும் அழுத்தணும்.

காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சது. மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ல மணி அடிக்கும்போது 481-ம் மண்ணுக்குள்ள. க்ரூப் போட்டோ, கைத்தட்டல், வார்டன் மேடம் சார்புல லெமன் ஜூஸ்!

நிஜக் கதை அதுக்கு மறுநாள்தான் ஆரம்பிச்சுது.

போட்டோவுக்கு அப்புறம் யார்?

நம்ம காலேஜ்கள்ல மரம் நடு விழாவுக்குக் குறைச்சலே இல்லை. பெரும்பாலும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். கடலோரத் தமிழ்நாட்டுல அது கத்திரி முடிஞ்சும் வெயில் முடியாத நேரம். நமக்குப் பெரிய மழையே வடகிழக்குப் பருவத்துல, அக்டோபருக்கு மேலதான். ஆக, பேனர்ல பேர் இருக்கும், குழியில செடி இருக்காது.

எங்க சீனியர்ஸ் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. காலண்டரை விரிச்சு வச்சுக் கணக்குப் போட்டாங்க. நட்ட முதல் மாசம் நாம இருப்போம். டிசம்பர் செமஸ்டர் லீவுக்கு மழை பார்த்துக்கும். ஏப்ரல், மே லீவு வர்றப்ப செடிக்கு ஆறு மாச வயசு, வேர் ஆழத்துக்குப் போயிருக்கும்.

மழை பெய்யாத நாள்ல எல்லாம் தண்ணி ஊத்தினோம். முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுக்கப்புறம் பிடிச்சு வர்ற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை. தண்ணிக்கு எங்கே போறது? துணி அலசின கடைசித் தண்ணிதான்! துவைச்சு முடிச்சவங்க பக்கெட்டை வாய்க்கால்ல கவிழ்த்துட்டுப் போகணும். ஹாஸ்டல் சட்டத்துலயே இல்லாத சட்டம், ஆனா எல்லாரும் மதிச்ச சட்டம்.

அடுத்த வில்லன் களை. கோரையும் அருகும் முந்திக்கிட்டு வளர்ந்து நாற்றை மூடிடும். வெட்டிவேருக்கு வெள்ளம் ஓ.கே., வறட்சி ஓ.கே. நிழல் மட்டும் ஆகவே ஆகாது. அதுவும் சின்ன வயசுல சுத்தமா ஆகாது. ரூமுக்கு மூணு மீட்டர்னு பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில உங்க மூணு மீட்டர்ல களை இருந்தா, டிபன் க்யூவுல கடைசி ஆள் நீங்கதான்!

ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா முப்பது இடத்துக்கும் மேல காலி. "481-ல 30-தானே, 90 பெர்சன்ட்டுக்கு மேல பாஸ்!"னு நாங்க குதிச்சோம். ஒரு ஃபைனல் இயர் அக்கா ரோட்டுப் பக்கமா கூட்டிட்டுப் போய் நிக்க வச்சாங்க. "இங்கே இருந்து பாருங்கடி. எது தெரியுது?"

ஓட்டைதான் தெரிஞ்சுது!

தோப்புல பத்து மரம் பட்டுப் போனா மிச்சம் தோப்புதான். வேலியில பத்து இடம் விட்டுப் போனா அது வேலியே இல்லை. பரீட்சைக்குத்தான் 90 மார்க் பெரிசு. மறைப்புக்கு நூத்துக்கு நூறு வேணும்.

சஸ்பென்ஸ் வச்ச அந்த 50 நாற்று இப்போ வந்துச்சு. அதே நாள்ல பாலிதீன் பையில நட்டு, அதே தண்ணி ஊத்தி வளர்த்தவை. விட்டுப்போன இடத்துல எல்லாம் வேர் கலையாம இறக்கினோம். இதை விவசாயிங்க 'பாடுவாசி நிரப்புறது'ன்னு சொல்வாங்க. வெளியில இருந்து புது நாற்று வாங்கிப் பொருத்தினா என்னன்னு கேட்டா, ரெண்டு பக்கமும் வளர்ந்து நிக்கிற அண்ணன்மாருக்கு நடுவுல தம்பிக்கு வெயில் கிடைக்காது. அதனாலதான் அதே வயசு ரிசர்வ் வேணும். அதையும் சீக்கிரமே வைக்கணும்.

வளர்ந்ததை வெட்டின நாள்

ஹாஸ்டலே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டது பிப்ரவரி மாசம்தான். புல் இடுப்பு உயரம் வந்து, 'அப்பாடா'ன்னு பெஞ்சுல உட்கார ஆரம்பிச்ச நேரம். சீனியர்ஸ் அரிவாளோட வந்து நின்னாங்க. "தரையில இருந்து ஒரு சாண் விட்டு மிச்சத்தை வெட்டணும்!"

"நாலு மாசம் தண்ணி ஊத்தினது இதுக்கா?"ன்னு ஒரு கோஷ்டி மறிச்சுக்கிட்டு நின்னுது. நானும் அதுல ஒருத்தி.

ஆனா விஷயம் இதுதான். இந்த நேரத்துல புல் உயரமா இருக்கும், அகலமா இருக்காது. நடுவுல காய்ஞ்ச இலையும் பெரிய இலையும் சேர்ந்து அடியில வர்ற இளந்தளிருக்கு வெளிச்சத்தை மறைச்சிடும். நாலஞ்சு மாசத்துல ஒரு தடவை குட்டையா வெட்டினாத்தான் வெளிச்சம் அடிவரைக்கும் போகும், பக்கத்துல புதுசு புதுசா சிம்பு வெடிக்கும். (நடிகர் சிம்பு இல்லைங்க, பக்கக்கிளை!) நம்மை மறைக்கப் போறது உயரம் இல்லை, அந்த அடர்த்திதான்.

முழுசா வளர்ற வரைக்கும் மறைப்புக்கு என்ன பண்றது? கம்பி வேலியில பச்சை வலை கட்டினோம். நாற்று வரிசை அதுல இருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி இருந்ததால வலையோட நிழல் ரொம்ப நேரம் படியலை. வெட்டின இலையையும் குப்பையில போடலை. அப்படியே வரிசை ஓரமா மூடாக்கா பரப்பினோம். ஈரமும் தங்குச்சு, களையும் அடங்குச்சு.

மே மாசத்துல வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒரு நாள் ஹோஸ் பைப் பிடிச்சார். 2024 அக்டோபர்ல, நட்டு ஒரு வருஷத்துல, ரெண்டு வரிசையும் ஒண்ணாச் சேர்ந்து தலை உயரத்துக்கு எழும்பி நின்னுது. பச்சை வலையைக் கழட்டின அன்னிக்கு ஒருத்தரும் கைதட்டலை. எல்லாரும் துணி காயப்போடுறதுல பிஸி!

எல்லாம் ஓ.கே.தானா?

உண்மையைச் சொல்லிடணும் இல்லையா... வேப்ப மரத்தடியில ஒரு மூணு மீட்டர் இன்னும் சவலைப்பிள்ளை மாதிரிதான் இருக்கு. நிழல்! அங்கே தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருக்கோம், மரத்தை வெட்ட யாருக்கும் மனசு வரலை. மாடி ஜன்னலுக்கு இந்தப் புல் எட்டாது. கோடையில காய்ஞ்ச இலை தீப்பிடிக்கும். அதனால வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் கவாத்து கட்டாயம். இப்போ ஒரு வரிசையை வெட்டி, அது துளிர்த்து எழுந்ததும் அடுத்த வரிசையை வெட்டுறோம். அதனால மறைப்பு ஒரு நாளும் காணாம போறதில்லை.

முக்கியமா ஒண்ணு. இந்தப் புல் யாரையும் உள்ளே வராம தடுக்காது. அந்த வேலை கம்பி வேலிக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும்தான். சுவர் வேணும்ங்கிற கோரிக்கையையும் நாங்க வாபஸ் வாங்கலை!

ஆனா, 'ஆறு மணிக்கு மேல போகாதே' சர்க்குலர் இப்போ நோட்டீஸ் போர்டுல இல்லை. யாரும் கிழிக்கலை. தேவைப்படலை, அதனால திரும்ப ஒட்டலை. ராத்திரி எட்டரை வரைக்கும் பெஞ்சுல லைட் எரியுது. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் க்ரூப் ஸ்டடி அங்கேதான் நடக்குது. வேலின்னாலே ஆளை உள்ளே அடைச்சு வைக்கிறதுன்னுதான் நினைச்சிருந்தோம். இந்த வேலி எங்களை வெளியே கொண்டு வந்திருக்கு.

நீங்களும் நடப்போறீங்களா? ஒரு குயிக் செக்!

* நாள் முழுக்க வெயில் படுற இடமா? நிழல்னா வேற வழி பாருங்க.
* வடகிழக்கு மழையை நம்புற ஊர்னா அக்டோபர். தென்மேற்கு மழை ஊர்னா ஜூன், ஜூலை.
* நாற்று வாங்கும்போதே 'விதை முளைக்காத வகைதானே?'ன்னு கேளுங்க.
* பிரிச்ச அன்னிக்கே நடுங்க. கூடவே பத்துக்கு ஒண்ணு கணக்குல பாலிதீன் பையில ரிசர்வ்.
* முதல் மூணு மாசம் ஆடு, மாடு நெருங்கக் கூடாது. இளம் இலைன்னா அவங்களுக்கு ஜாலி.
* கமகமன்னு இருக்கேன்னு வேரைப் பிடுங்கிப் பானையில போடாதீங்க. வேலிக்கு வேற, வேருக்கு வேற பாத்தி!
* நடுறதுக்கு முன்னாடியே லீவு நாள்ல யார் தண்ணி ஊத்துறதுன்னு பேர் எழுதி ஒட்டுங்க. பேர் கிடைக்கலையா? நடவையே தள்ளிப் போடுங்க.

கடைசிப் பாயின்ட்தான் எல்லாத்துலயும் முக்கியம். 481 நாற்றை நட எங்களுக்கு அரை நாள் ஆச்சு. அது வேலியா மாற ஒரு வருஷம் ஆச்சு. அந்த அரை நாளுக்கு எல்லா காலேஜ்லயும் ஆள் இருக்காங்க. உங்க காலேஜ்ல அந்த ஒரு வருஷத்துக்கு யார் இருக்காங்கன்னு மட்டும் பாருங்க. இருந்தா, இந்த அக்டோபர்லயே கடப்பாரையை எடுங்க!